பன்னிரண்டாவது கோப்பு

அத்தை மடிக்கணினியின் மூடியில் கை வைத்து அழுத்திவிட்டாள். சுண்டு ஓடிவந்து இடையில் கையை நுழைக்க, மூடி அவள் மணிக்கட்டில் வந்து தட்டி நின்றது.

"அதை மூடாதீங்க அத்தை."

"மேசையை வெளிய போடணும்டி. வந்தவங்க எல்லாம் நின்னுட்டே இருக்காங்க. இதை மூடி அலமாரிக்குள்ள வச்சா என்ன, கரைஞ்சா போயிடும்?"

"ஓடிட்டு இருக்கு."

"யாருக்காக ஓடுது?"

அத்தை அதைக் குத்தலாகக் கேட்கவில்லை. கேட்டு முடித்த பிறகுதான் கேட்டது என்னவென்று அவளுக்கே உறைத்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, நாற்காலியை மட்டும் ஒரு கையால் தூக்கிக்கொண்டு கூடத்துக்குப் போய்விட்டாள்.

ஓடிட்டு இருக்கு என்று சுண்டு சொன்னது வாய்ப்பழக்கம். உண்மையில் எதுவும் ஓடவில்லை. கட்டிலின் தலைமாட்டில் ஆறு மாதமாக இரவும் பகலும் இரைந்துகொண்டிருந்த ஆக்சிஜன் இயந்திரத்தைக் காலையில் அவள்தான் அணைத்தாள். அதற்குப் பிறகு இந்த அறையில் ஒரு சத்தமும் இல்லை. மடிக்கணினியின் திரை கறுத்துக் கிடந்தது. செவ்வாய்க்கிழமை சாயங்காலத்திலிருந்து, இதோ வியாழக்கிழமை மத்தியானம் வரை, அவள் அந்தத் திரைப் பக்கம் திரும்பவே இல்லை.

கூடத்தில் அக்கா படுத்திருந்தாள். விடியற்காலையில் மூச்சு நின்றது. வண்டி நான்கு மணிக்கு வரும் என்று சொல்லியிருந்தார்கள். சுவர்க் கடிகாரத்தில் இரண்டேகால்.

அக்காவுக்கு முப்பத்தெட்டு. சுண்டுவுக்கு இருபத்து நான்கு. பிறந்த அன்று அக்காவின் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றாளாம்; அதனால் வந்த பெயர். பகலில் மருந்துக்கடையில் வேலை, மாலையில் ஆறிலிருந்து எட்டுவரை கணினி வகுப்பு. வகுப்பில் ஐந்து மாதமாகச் சொல்லிக்கொடுத்ததைவிட, அக்கா கட்டிலில் சாய்ந்தபடி மூன்று மாதத்தில் சொல்லிக்கொடுத்தது அதிகம். சொல்லிக்கொடுத்தாள் என்றுகூடச் சொல்ல முடியாது. அக்காவின் விரல்கள் வீங்கிப்போய் எழுத்து எழுத்தாக அடிக்க முடியாமல் போனபோது, அவளுக்கு ஒரு ஜோடி விரல்கள் தேவைப்பட்டன. அவ்வளவுதான்.

அக்கா வேலை பார்த்தது தட்பவெப்ப ஆராய்ச்சி அலுவலகம் ஒன்றில். உலகத்தின் காற்றையும் கடலையும் கணக்குப் போட்டு வருங்கால மழையைச் சொல்கிற பெரிய கணினி மாதிரிகள் இருக்கின்றன. அவை கொட்டிவிடும் எண்கள் மலை போல வரும். அந்த மலையிலிருந்து ஒரே ஓர் ஆற்றுக்கு வேண்டியதை மட்டும் வெட்டி எடுத்துத் துடைத்து வைப்பது அவள் வேலை. படமும் பொத்தானும் கிடையாது. கறுப்புத் திரையில் ஒரு வரிக் கட்டளை, என்டர், காத்திருத்தல்.

முதல் வாரம் சுண்டுவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மழை அளவு என்று வந்த எண்ணில் புள்ளிக்குப் பின்னால் வரிசையாகப் பூஜ்யங்கள்.

"மழையே இல்லையேக்கா."

"இருக்கு. மாடல் ஒரு வினாடிக்கு எவ்வளவுன்னு சொல்லும். மனுஷங்களுக்கு ஒரு நாள் கணக்குதான் புரியும். எண்பத்தாறாயிரத்து நானூறால பெருக்கு."

பெருக்கினால் மழை வந்தது. சுண்டு அந்த எண்ணைத் தன் நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டாள். அவள் எல்லாவற்றையும் எழுதுவாள். எழுதியது சரியா என்று அக்காவிடம் காட்டுவாள். சரி என்று சொன்னால் அதையும் எழுதிக்கொள்வாள்.

"2063 ஜூன் பதினொண்ணு. ஒரே நாள்ல இருநூறு மில்லிமீட்டர்" என்றாள் அக்கா ஒருநாள், திரையைப் பார்த்தபடி. "அன்னைக்குக் குடை எடுத்துட்டுப் போ சுண்டு."

"அப்ப நான் கிழவிக்கா."

"அதனால என்ன. மழை இல்லாதப்ப ஊன்றிக்கலாம்."

சொல்லிவிட்டு அக்கா சிரித்தாள். சிரிப்பு இருமலாக மாறி, அம்மா வந்து முதுகைத் தடவும்படி ஆயிற்று. அந்த 2063-இல் தான் எங்கே இருப்பேன் என்பதைப் பற்றி அக்கா ஒன்றும் சொல்லவில்லை. சுண்டுவும் கேட்கவில்லை. நோட்டில் தேதியை மட்டும் எழுதிக்கொண்டாள்.

கடைசியாக எடுத்த வேலை இதுதான்: ஆற்றின் கீழ்ப்பக்கத் தெருக்களுக்கு வெள்ளத் தடுப்புச் சுவர் கட்டப் போகிறார்கள். எவ்வளவு உயரம் வேண்டும்? பன்னிரண்டு மாதிரிகளின் மழையை எடுத்து, ஒவ்வொன்றிலும் ஆண்டுக்கு ஆண்டு அதிகபட்ச மழை நாளைப் பிரித்து, பன்னிரண்டையும் ஒரே கோப்பாகச் சேர்த்துக் கொடுக்க வேண்டும். பதினொன்று லேசாக முடிந்தன. பன்னிரண்டாவது மிகப் பெரியது. அது ஒன்றுக்கு மட்டும் ஒரு பகலும் ஓர் இரவும் பிடித்தது.

செவ்வாய் சாயங்காலம், சுண்டு வகுப்புக்குக் கிளம்பும் முன், எல்லாவற்றையும் சேர்க்கும் கடைசி வரி. அக்கா கண்ணை மூடிக்கொண்டே சொன்னாள், சுண்டு அடித்தாள். பன்னிரண்டு பெயர்கள், ஒன்றன்பின் ஒன்றாக. பன்னிரண்டாவது பெயரைச் சொன்னதும் அக்காவுக்கு மூச்சு வாங்கியது. கொஞ்சம் பொறு என்று விரலை உயர்த்தினாள். சுண்டு பொறுத்திருக்கலாம். வரியை மூன்று தடவை படித்திருக்கலாம்; அது அக்காவின் விதி. முதல் தடவை, என்ன செய்யப் போகிறோம். இரண்டாம் தடவை, எதையெல்லாம் எடுக்கிறோம். மூன்றாம் தடவை, எங்கே வைக்கப் போகிறோம். அன்றைக்கு என்னவோ, எல்லாம் தெரிந்துவிட்டது போல ஒரு துணிச்சல் வந்து, அவள் என்டரை அழுத்தினாள்.

விடையை வைக்கும் கோப்பின் பெயர் கடைசியில் வர வேண்டும். அது இல்லாவிட்டால் கருவி சண்டை போடாது. கடைசியில் இருக்கிற பெயர் எதுவோ, அதுதான் விடைக்கான இடம் என்று எடுத்துக்கொண்டு, அதன் மேலேயே எழுதிவிடும். 'இந்தப் பெயரில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறதே' என்று அது கேட்கும் கேள்வியையும் அக்கா என்றைக்கோ நிறுத்தி வைத்திருந்தாள். தொணதொணப்பு பிடிக்காது அவளுக்கு. ஒரு பகலும் ஓர் இரவும் ஓடி உண்டான பன்னிரண்டாவது கோப்பு, கண் இமைக்கிற நேரத்தில் போயிற்று.

"முடிஞ்சுதா?" என்று அக்கா கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

சுண்டு திரையிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"முடிஞ்சுதுக்கா."

"சரி. நல்ல வேலை." கொஞ்ச நேரம் கழித்து, "கிளாஸுக்குப் போ" என்றாள்.

"இன்னைக்குப் போகலக்கா. உனக்கு உடம்பு—"

"எனக்கு உடம்பு என்னைக்குத்தான் நல்லா இருந்துச்சு? போ. நீ பக்கத்துலயே உட்கார்ந்து மூஞ்சியைப் பார்த்துட்டு இருந்தா எனக்குத் தூக்கம் வராது."

அவள் போனாள். வகுப்பில் இரண்டு மணி நேரம் ஒரு வார்த்தையும் காதில் விழவில்லை. நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். மறுநாள் அக்கா கண் திறந்ததே அபூர்வம். மருத்துவர் வந்து பார்த்துவிட்டு அம்மாவைத் தனியே அழைத்துப் பேசினார். வியாழன் விடிந்தபோது, சொல்வதற்கு ஆள் இல்லை.

வாசலில் யாரோ வரும் அரவம் கேட்டது. சுண்டு கூடத்துக்கு வந்தாள். அக்காவின் பிரிவுத் தலைவர், செருப்பைக் கழற்றவா வேண்டாமா என்று தெரியாமல் படியில் நின்றிருந்தார். எதைக் கேட்டாலும் 'நாளைக்குள்ள வேணும்மா' என்பார். அதனால் அக்கா வீட்டில் அவருக்கு வைத்த பெயரே நாளைக்குள். போன் அடித்தால், "அம்மா, நாளைக்குள் கூப்பிடறார், நான் இன்னைக்கே செத்துட்டேன்னு சொல்லு" என்பாள். அம்மா தலையில் அடித்துக்கொள்வாள்.

அவர் உள்ளே வந்து அக்காவின் காலடியில் நின்றார். வெகுநேரம் நின்றார். சட்டைப் பையில் ஒரு சின்ன டிஸ்க் துருத்திக்கொண்டிருந்தது. சுண்டு அதைப் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, கையால் அதை மறைத்தார்.

"நான் அதுக்கு வரலம்மா. அலுவலகத்துல இருந்து கிளம்பறப்ப பையிலேயே இருந்துடுச்சு."

"பரவால்ல சார்."

"அவசரமே இல்ல. ஒரு வாரம், பத்து நாள் ஆகட்டும்."

அவர் வாயால் அவசரமே இல்லை என்று கேட்க அக்கா இருந்திருக்க வேண்டும். சுண்டு ஒரு மூச்சு இழுத்துக்கொண்டாள். இப்போது சொல்லாவிட்டால் இனி எப்போதும் சொல்ல மாட்டோம் என்று தோன்றியது.

"சார், அந்த ஃபைல்… அக்கா மேல ஒண்ணும் தப்பு இல்ல. நான்தான்…"

"தெரியும்மா. நீதான் குடுப்பேன்னு எழுதியிருந்தாங்க." அவர் போனை எடுத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு தேடினார். "இதோ. செவ்வாய்க்கிழமை. 'பன்னிரண்டும் சேர்த்து வியாழன் மதியம் ரெடியாக இருக்கும். தங்கச்சி தருவாள்.' இவ்வளவுதான். அவங்க எப்பவும் இவ்வளவுதான் எழுதுவாங்க."

செய்தியின் ஓரத்தில் நேரம் இருந்தது. ஏழு மணி ஆறு நிமிடம். அப்போது சுண்டு வகுப்பில் இருந்தாள். முடிந்துவிட்டது என்று அவள் சொல்லியிருந்தாளே. முடிந்த வேலை எதற்கு வியாழக்கிழமை வரை ஆக வேண்டும்?

"கொஞ்சம் உட்காருங்க சார்" என்றாள். உட்கார நாற்காலி இல்லை. அத்தை எங்கிருந்தோ ஒன்றை இழுத்துக்கொண்டு வந்தாள்.

அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். கட்டிலின் விளிம்பில், அக்கா சாயும் இடத்தை விட்டுத் தள்ளி உட்கார்ந்தாள். ஒரு விசையைத் தொட்டதும் திரை விழித்துக்கொண்டது.

அவள் அடித்த அந்த வரிதான் அடியில் இருக்கும் என்று நினைத்திருந்தாள். இல்லை. திரை முழுக்க வேறு வரிகள். மேலே தள்ளித் தள்ளித் தன் வரியைக் கண்டுபிடித்தாள். ஒவ்வொரு வரியின் தலையிலும் கிழமையும் நேரமும் விழும்படி அக்கா வைத்திருந்தாள்.

செவ்வாய், மாலை 6.12. கோப்புகளைப் பட்டியல் போடும் சின்னக் கட்டளை. இரண்டே எழுத்து. அதன் கீழே பன்னிரண்டு பெயர்கள். விடைக் கோப்பு இல்லை. பன்னிரண்டாவது மட்டும் மற்ற பதினொன்றின் கனத்தையும் விழுங்கி உப்பிக் கிடந்தது. பார்த்த மாத்திரத்தில் என்ன நடந்தது என்று அக்காவுக்குத் தெரிந்திருக்கும். ஒருவேளை அதற்கும் முன்பே, 'முடிஞ்சுதுக்கா' என்ற குரலிலேயே தெரிந்திருக்கும்.

6.15. ஒரு கட்டளை, நடுவில் ஓர் எழுத்து இரண்டு முறை விழுந்திருந்தது. அப்படி ஒரு கட்டளை இல்லை என்று இயந்திரம் சொல்லியிருந்தது.

6.19. அதே கட்டளை. இந்த முறை வேறோர் எழுத்து தவறியிருந்தது. அப்படி ஒரு கட்டளை இல்லை.

6.24. இடைவெளி விடவில்லை. அப்படி ஒரு கோப்பு இல்லை.

6.33. பாதியில் நின்ற வரி.

சுண்டு விரலால் திரையைத் தொட்டு எண்ணினாள். ஒன்பது தவறிய வரிகள். பத்தாவது சரியாக இருந்தது. 6.58. வெட்டுதல், பெருக்குதல், ஆண்டின் பெரிய மழையைப் பிரித்தல், மூன்றும் ஒரே வரியில் கோக்கப்பட்டிருந்தன. மூன்று வரியாக அடித்தால் மூன்று மடங்கு விரல் நோகும் என்று அப்படிச் செய்திருப்பாள். அந்த வரிக்குக் கீழே, வேலை முடிந்ததற்கான அறிவிப்பு. புதன், இரவு 11.40. அப்போது சுண்டு இதே கட்டிலின் கால்மாட்டில் சுருண்டு கிடந்தாள். மடிக்கணினி இரைந்திருக்கும். ஆக்சிஜன் இயந்திரத்தின் இரைச்சலில் அது தனியாகக் கேட்கவில்லை.

கதவைத் தள்ளிக்கொண்டு அம்மா வந்தாள். காலையிலிருந்து அழுது, இப்போது முகம் வெறுமையாக இருந்தது.

"அலமாரிச் சாவியை எங்க வச்சேன்னு தெரியல" என்றாள். தேடவில்லை. மேசையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "அன்னைக்கு நீ கிளாஸுக்குப் போனதும் இதைக் கட்டில்கிட்ட இழுத்துப் போடச் சொன்னா. எதுக்குடி இப்பன்னு கேட்டேன். ஒரு சின்ன வேலை பாக்கி இருக்குன்னா."

"நீ ஏன்மா என்கிட்ட சொல்லல?"

"சொல்லாதன்னா. குழந்தை பயந்துக்கும்னா." அம்மா கட்டிலில் உட்கார்ந்து, விரிப்பின் சுருக்கத்தை உள்ளங்கையால் நீவினாள். "முதுகுல ரெண்டு தலையணை வச்சு நிமித்தி உட்கார வச்சேன். ஒரு விரலால தட்டித் தட்டி… வேர்த்துக் கொட்டுது. போதும்டின்னு சொன்னேன். இரும்மா, இரும்மான்னா."

சுண்டு திரையின் அடிப்பகுதியைப் பார்த்தாள். அங்கே இன்னும் ஒரு வரி இருந்தது.

ஒரு வேலை ஓடிக்கொண்டிருக்கும்போதே அடுத்த வரியை அடித்து வைத்துவிடுவது அக்காவின் பழக்கம். இயந்திரம் அதை வாங்கி வைத்துக்கொண்டு, கை ஒழிந்ததும் காட்டும். பன்னிரண்டையும் சேர்க்கும் வரி. என்டர் அழுத்தப்படவில்லை. வரியின் முடிவில் ஒரு சின்னக் கட்டம் விட்டு விட்டு மின்னிக்கொண்டிருந்தது.

அதை அப்படியே அழுத்திவிட வேண்டும் என்று அவள் விரல் துடித்தது. அக்கா அடித்த வரி. அக்கா கடைசியாக அடித்த வரி. அதில் கை வைக்க அவள் யார்? விரல் என்டரின் மேல் போய் நின்றது. நின்றதும், அவளுக்கு விதி நினைவு வந்தது.

வாய்விட்டுப் படித்தாள். முதல் தடவை, என்ன செய்யப் போகிறோம். சேர்க்கப் போகிறோம். சரி. இரண்டாம் தடவை, எதையெல்லாம். ஒன்று, இரண்டு, மூன்று. பன்னிரண்டும் இருந்தன, ஓர் எழுத்தும் பிசகவில்லை. மூன்றாம் தடவை, எங்கே வைக்கப் போகிறோம்.

பன்னிரண்டாவது பெயருக்குப் பிறகு ஓர் இடைவெளி. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

அவள் கையை மடிக்கு இழுத்துக்கொண்டாள். அழுத்தியிருந்தால், அந்த ஒன்பது வரிகளும் பத்தாவது வரியும் முதுகில் வைத்த இரண்டு தலையணைகளும் எல்லாம் கண் இமைக்கிற நேரத்தில் போயிருக்கும்.

அக்காவுக்கு அங்கே வந்து தெம்பு தீர்ந்துவிட்டதா? இல்லை, வேண்டுமென்றே விட்டாளா? சொல்லும்போது நடுவில் ஒரு தப்பைச் சொருகிவிட்டு, சுண்டு பிடிக்கிறாளா என்று பார்ப்பது அவளுக்கு ஒரு விளையாட்டு. பிடிக்காவிட்டால், "கண்ணு எங்கடி இருக்கு, கடையில அடகு வச்சிட்டியா?" என்பாள். சுண்டு "இது சரியாக்கா?" என்று கேட்டால், "என்னைக் கேக்காத, வரியைக் கேளு" என்பாள். சுண்டு வரியைப் பார்த்தாள். வரி ஒன்றும் சொல்லவில்லை. அந்த இடைவெளி மட்டும் இருந்தது. முடிக்க நினைக்காதவள் எதற்கு இடைவெளி விட வேண்டும் என்று தோன்றியது. விரல் தவறிக்கூடப் பட்டிருக்கலாம் என்றும் தோன்றியது.

பெயர் வைப்பதில் அக்காவுக்கு ஒரு முறை உண்டு. எந்த ஆறு, எந்தக் கணக்கு, எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை. எல்லாவற்றுக்கும் கடைசியில், செய்தவரின் முதல் எழுத்து. "எதுக்குக்கா இது, பெருமைக்கா?" என்று ஒருமுறை சுண்டு கேட்டாள். "பெருமையும் இல்ல, ஒண்ணும் இல்ல. நாளைக்கு ஒரு கேள்வி வந்தா யாரைக் கேக்கணும்னு தெரியணும்ல. ரெண்டு பேர் செஞ்சா ரெண்டு எழுத்து. உன்னோடதையும் போடு." சுண்டு போட்டதில்லை. நான் வெறுமனே டைப் அடிக்கிறவள்தானே என்று சொல்லி ஒவ்வொரு முறையும் தட்டிக்கழித்துவிட்டாள். அதற்குமேல் அக்கா வற்புறுத்தியதில்லை.

ஆற்றின் பெயரை அடித்தாள். கணக்கு. ஆண்டுகள். அக்காவின் எழுத்து. அதோடு நிறுத்தி, திரும்ப ஒரு முறை முழு வரியையும் படித்தாள். பிறகு அதன் பக்கத்தில் தன் எழுத்தை அடித்தாள்.

என்டரை அழுத்தினாள்.

வெளியே அத்தையின் குரல் கேட்டது: "வண்டி தெரு முனைக்கு வந்துடுச்சாம். சொன்னதைவிட முன்னாலேயே வந்துட்டான். எல்லாரும் வாங்க."

அம்மா எழுந்திருக்கவில்லை. அறையில் எங்கோ மெல்லிய இரைச்சல் ஒன்று கிளம்பியது. அம்மா சட்டென்று தலையைத் தூக்கி, அணைத்து வைத்திருந்த ஆக்சிஜன் இயந்திரத்தைப் பார்த்தாள். பிறகு மேசையைப் பார்த்தாள்.

"அதுவா?"

"அதாம்மா. உள்ள இருக்கற ஃபேன்."

"எவ்வளவு நேரம் ஓடும்?"

"பத்து நிமிஷம். கூட ஆகலாம்."

அம்மா கையை நீட்டி மடிக்கணினியின் ஓரத்தைத் தொட்டாள். அங்கிருந்து வெதுவெதுப்பான காற்று வந்துகொண்டிருந்தது. கையை எடுக்காமல் அப்படியே வைத்துக்கொண்டாள்.

"கொஞ்சம் இருக்கச் சொல்லு அவங்கள" என்றாள்.